வாயில் விசிலோடு ஒரு நடுவர்

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் பாபடோயிட்டோய் ஊரின் கரப்பந்து மண்டபத்தில் நடுவராக இருந்த அந்த நெடிய பெண்மணி, ஆட்டம் முடிந்த பிறகும் விசிலைப் பல்லிடுக்கிலேயே வைத்திருப்பார். தமிழராக இருந்தும் ஒரு காலத்தில் இலங்கை அணிக்கு ஆடியவர். தனிநாடு இல்லாத இனங்களுக்கான வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போகும் தமிழர் அணியில் என் மகளைத் தெரிவு செய்தபோது அவரிடம்தான் ஓடினேன். அந்த அணியின் சட்டையோடு அவளுடைய படம் வெளியே வந்தால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தம்பியை இராணுவத்தினர் விசாரிப்பார்களோ என்று பயம்.

“அக்கா, நீங்கள் எப்பிடி அந்த இலங்கைச் சட்டையைப் போட்டனீங்கள்?”

“எனக்கு ஆட வேணும், அவையிட்டைதான் அணி இருந்தது. எங்கட சனம் ஏசினது, அவையும் நம்பேல்லை. கீதம் பாடேக்க நான் வாய் திறக்கேல்லை. ஆனா ஒரு பந்தையும் சும்மா விடேல்லை!” என்று சிரித்தார்.

“அப்ப இவள் தமிழர் அணிக்குப் போகட்டுமோ?”

“அவளிட்டைக் கேட்டனீங்களோ?”

அன்றிரவு கேட்டேன். “ஐ வான்ட் டு ப்ளே, அம்மா” என்றாள்.

போட்டியை மண்டபத்துத் திரையில் பார்த்தோம். தமிழர் அணியின் பாடல் தொடங்கியதும் அவர் எழுந்து நின்று, விசிலை வாயிலிருந்து எடுத்தார். பாடினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த நேரம் திரையில் மகளின் முகம் பெரிதாக வந்தது. தம்பியை நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.