அப்பா பாலிஷ் போட்ட மூன்று நாள்

அப்பா அவர்கள் கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், நான்கு அண்ணன்மாருக்குத் தம்பியாகப் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தாயை இழந்தார்கள். கோயில் திருப்பணிக்கு நெல் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார்கள், சமைத்தது அம்மா. என் அண்ணன்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நிறுத்த மாட்டேன். இந்த நினைவு மலருக்கு அச்சுக்கூலி கொடுத்தவள் நான்.

அப்பா தம் கையால் செய்து நான் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். தம்முடைய தேக்கு நாற்காலிக்குப் பாலிஷ் போட்டார்கள்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலம் வைத்திருந்தவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் குறுவை நெல் முற்றி நின்றது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் வயலில் இறங்க மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. குறுவை அறுத்ததும் சேர்த்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு காலையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பையில் பேனாவோடு ஓர் இளைஞர் வந்தார். நிலத்தைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்து அப்பா எழுந்துவிட்டார்கள். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று தம் நாற்காலியையே காட்டினார்கள். அவரும் உட்கார்ந்தார்.

"எந்த ஆபீசுலேர்ந்து வர்றீங்க?"

"ஆபீசு இல்லீங்க. உங்க பண்ணையாள் காளியன் மவன், மாரியப்பன். கூலி விஷயமா பேச வந்தேங்க."

"எந்திரிடா!"

"நீங்கதானங்க உக்காரச் சொன்னீங்க?"

கேட்டுவிட்டு, நிதானமாக எழுந்து போனார்.

அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் போட ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்கள்; ஆசாரி வர மறுத்துவிட்டார். அப்பா தாமே கடைத்தெருவுக்குப் போய் அரக்கும் ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் வாங்கி வந்தார்கள். உட்காரும் பலகையை மட்டும் தேய்த்துப் பூசினார்கள். அது தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்கக் கைப்பிடிகள், அதையும் மறைக்க முதுகுப் பலகை. மூன்று நாள்!

"நாற்காலி எங்க ஓடிப் போவுது? நெல்லு சாயுதுங்க. அந்தப் புள்ளயக் கூப்பிட்டுப் பேசுங்க" என்று அம்மா கெஞ்சினார்கள்.

"நீ உள்ள போடி."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை. நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. ஈரத்தில் பாலிஷும் வெளுத்துப் போயிற்று. பயிற்சிக்குச் சேர வேண்டிய கெடு முடிந்தது. தையில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். 'அந்தப் பய வீட்டுக்குள்ள கால வச்சான், வெள்ளாமை போச்சு' என்று வந்து ஆறுதல் சொன்னவர்கள், இதைப் படிக்கும் நீங்கள்தான். வெட்கமாக இல்லை?

கடைசி எட்டு மாதம் அப்பா படுக்கையில் இருந்தார்கள். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் நான். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அந்தக் குறுவைய ஏம்ப்பா விட்டீங்க?"

"அவனப் போயி 'வாங்க'ன்னுட்டேனேம்மா" என்று கண் கலங்கினார்கள்.

என் படிப்பு அவர்கள் நினைவிலேயே இல்லை.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், புரட்டிப் படுக்க வைக்கக் கை கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் நன்றி. மாலையோடு வந்து, சவம் எடுக்கும்வரை தெருவிலேயே நின்ற திரு. மாரியப்பன் அவர்களுக்கும் நன்றி. வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பயந்துவிட்டேன்.

அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று முடிக்க அண்ணன்கள் சொன்னார்கள். அடையட்டும். எனக்கு ஆறவில்லை.