எண்ணாமல் வைத்த சப்பாத்தி

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எறும்பு. எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கழிவறையில், காலையில் அவர் போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்து வரும். நான் போனால் வராது. பிள்ளைகள் போனாலும் வராது. அவருக்கு மட்டும் வரும்.

மார்க்கெட் பக்கத்து டாக்டர் சோதித்துவிட்டு, "அரிசியக் குறைச்சுட்டு சப்பாத்திக்கு மாறுங்க" என்றார். என் புத்தியில் அது எப்படிப் பதிந்தது தெரியுமா? அரிசி விஷம், கோதுமை மருந்து. எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. கட்டின புருஷனுக்கு மருந்தை அளந்தா போடுவாள் ஒருத்தி? ராத்திரி ஏழு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. போதும் என்று அவர் கையால் தட்டை மறைத்தாலும், விரல் இடுக்கில் இன்னொன்றைப் போட்டுவிட்டுத்தான் நகர்வேன். பரிமாறுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

எறும்பு நிற்கவில்லை. ஒரு மத்தியானம் துவைக்க எடுத்த அவருடைய வேட்டியில் சாரையாக ஏறியிருந்தது. உதறினேன். கீழே விழுந்தவை சிதறி ஓடாமல் மறுபடி அந்த வேட்டியைத் தேடியே வந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கும் ஸ்டேஷன் வாசலில் திருட்டுத்தனமாக ஜிலேபி தின்கிறார் என்று முடிவு கட்டினேன். பையைத் துழாவினேன். வாயை மோந்து பார்த்தேன்.

"சத்தியமா இல்லம்மா. டீயே சக்கர இல்லாமதான் குடிக்கிறேன்."

"அப்போ எறும்பு என்ன, உங்க மேல ஆசைப்பட்டா வருது?"



ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து, தார் உருகும் வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "போட்டுக்கிட்டுதானே வந்தேன்?"

வாசலிலிருந்து சிவப்புத் தரையில் பாதிப் பாதிப் பாதமாக ஈரம் பதிந்திருந்தது. தண்ணீர் என்று துடைக்கப் போனேன், பிசுபிசுத்தது. அவரோ நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் தோல் இல்லை. வலிக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

"தினம் எத்தன சப்பாத்தி?" என்று டாக்டர் கேட்டபோது, பெருமையாகவே சொன்னேன், ஏழெட்டு இருக்கும், கஞ்சி தனி என்று. டாக்டர் பேனாவை மூடினார்.

"கோதுமையும் உள்ள போனா சக்கரதாம்மா. கஞ்சியும்தான். ரெண்டு போதும். மீதிப் பசிக்குக் காய் குடுங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவர் வாயை மோந்து பார்த்த என் மூக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் அவரைக்காயும் வைத்தேன். சாப்பிட்டு முடித்தார். நான் நினைக்கவேயில்லை, என் கை தானாக மூன்றாவதை எடுத்துக்கொண்டு நீண்டது. அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துப் பயந்து அன்றுதான் பார்த்தேன்.