மோசஸ் மாமாவின் கரண்டு தூண்டில்

என் அக்கா விக்டோரியாவின் வீட்டுக்காரர் மோசஸ் மாமாவோடு கடலுக்குப் போவதைவிட, சித்திரை வெயிலில் உலைப் பக்கத்தில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்ப்பது மேல். இதை அவரிடமே பலதடவை சொல்லியிருக்கிறேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள்கூட இல்லை அவர். காதில் வாங்குவதே இல்லை.

மாமாவுக்கும் கடலுக்கும் பரம்பரைச் சம்பந்தம் எதுவும் கிடையாது. அவர் அப்பா ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். மாமா ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் சேர்ந்தார். பின்னால் என்னையும் அங்கே ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டார். அவருக்குக் கடல் வந்தது ஒயர் வழியாக. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் ஆதிகேசவன் என்பவரின் ஃபைபர் படகில் லைட்டும் ஜி.பி.எஸ்.சும் அடிக்கடி படுத்துக்கொள்ளும். மாமா போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம், ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப்போ என்றார். அன்று பிடித்த பைத்தியம்.

அந்தப் படகில் நாலு பேர், நாலு தூண்டில். ஆதிகேசவன், அவர் தம்பி, மைத்துனர், அப்புறம் ஒரு சொந்தக்காரர். அந்தச் சொந்தக்காரர் கடல் வேண்டாமென்று எங்கள் சிப்காட்டுக்கே வேலைக்கு வந்துவிட்டார். காலியான இடத்துக்கு எங்கள் சிப்காட்டிலிருந்து மாமா போனார். ஊரெல்லாம் கம்பெனிக்கு ஓடி வருகிற காலத்தில் கம்பெனியிலிருந்து கடலுக்கு ஓடியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். எங்களுக்குப் புதன்கிழமை வார விடுமுறை. ஒன்பது வருஷம், காற்று அடித்த நாளும் மீன்பிடித் தடைக்காலமும் போக, ஒரு புதன்கிழமையும் அக்கா வீட்டில் மாமா இருந்ததில்லை.

அவர்கள் போகிற இடம் கிட்டத்தில் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டினால் வள்ளூர் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்துப்போகும். அங்கே அறுபது பாகம் ஆழத்தில் பாறைத் திட்டு. இரண்டு கைகளையும் அகல விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அந்தப் பாறைப் பொந்துகளில் களவா மீன் இருக்கிறது. இரை போட்டுக் காத்திருந்து, கடித்ததும் அறுபது பாகம் நூலையும் கையாலேயே இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை. பாதிப் பேருக்கு நாற்பது வயதிலேயே தோள்பட்டை போய்விடும்.

மாமாவுக்குத் தோள் போகவில்லை. விரல்கள் போயின. எப்படிப் போயின என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் மில்லில் உருளைகளுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவு உண்டு. கதவைத் திறந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். மறுபடி ஓட இரண்டு நிமிஷம் எடுக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அந்தக் கதவின் சுவிட்சு கெட்டு, திறக்காமலே சும்மாச் சும்மா மிஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் டன் கணக்கு கேட்டுத் தலைமேல் நின்றார். நான் ஒரு துண்டு ஒயரைச் சுவிட்சின் குறுக்கே போட்டு டைரக்ட் கொடுத்துவிட்டேன். மிஷின் நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அரைமணி கழித்து மாமா சுவிட்சைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தார். நின்றிருக்கும் என்று நம்பிக் கையை விட்டார்.

வலது கையில் மூன்று விரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அந்த ஒயரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விசாரணையில் மாமா, கதவைத் திறக்காமல் சந்தில் கையை விட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னார். என் வேலை தப்பியது. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள், தெரிந்துகொள்ளட்டும்.

கம்பெனி மாமாவை ஸ்டோரில் உட்கார வைத்தது. அதை அவர் தாங்கிக்கொண்டார். ஆதிகேசவன் வீட்டுக்கு வந்து பேசியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தப்பா நெனச்சுக்காத மோசஸு. நூலு இழுக்க முடியாத ஆளு படகுல பாரந்தான். எங்கப்பா காலத்துலருந்து அதான் பேச்சு. என் தம்பியா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

"கைதான இழுக்கணும்? மிஷின் இழுத்தா ஒத்துப்பியா?" என்று மாமா கேட்டார்.

ஆதிகேசவன் யோசித்தார். "மூணு தபா பாக்கறேன். மூணு தபாவுல ஒரு மீனாவது உன் மிஷின் தூக்கினு வரட்டும், எடம் உன்னுது. இல்லாங்காட்டி வேற ஆளு போட்டுப்பேன்."

இப்படித்தான் கரண்டு தூண்டில் பிறந்தது. கடையில் விற்கிற, நூலைத் தானே சுற்றி இழுக்கும் கரண்டு ரீலின் விலையைக் கேட்டு மாமா சிரித்துவிட்டு, காயலான் கடைக்குப் போனார். ஒரு லாரியின் வைப்பர் மோட்டார், இரண்டு பேட்டரி, அலுமினியப் பாத்திரத்தை வெட்டிச் செய்த உருளை. அக்காவின் இட்லிக் குண்டான்தான் அந்தப் பாத்திரம் என்பது பிறகு தெரிந்து, வீட்டில் இரண்டு நாள் நாஷ்டா கிடையாது. அதோடு விடாமல், மில்லில் ஒவ்வொரு மோட்டாருக்கும் வைப்பதுபோல இதற்கும் ஒரு ட்ரிப் பெட்டி வைத்தார். சுமை அதிகமானால் அது கரண்டை வெட்டிவிடும். மோட்டார் ஆறும்வரை இரண்டு நிமிஷம் பொறுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும்.

"தூண்டிலுக்கு எதுக்கு மாமா இந்த பேஜாரு?" என்றேன்.

"மோட்டாருன்னு ஒண்ணு இருந்தா ட்ரிப் இருக்கணும்" என்றார்.

பேட்டரி தூக்கவும் நூலைச் சீராகச் சுற்றிவிடவும் ஒரு ஆள் வேண்டும். வேறு யார், நான்தான். பழவேற்காடு முகத்துவாரம் தாண்டி முதல் அலையிலேயே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். "மிஷினுக்கு ஒரு எடம், மிஷின்காரனுக்கு ஒரு எடம், வாந்தி எடுக்க ஒரு எடமா?" என்று ஆதிகேசவன் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதல் தடவை, மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. வீட்டில் வலப்பக்கம் வைத்துச் சோதித்ததைப் படகில் இடப்பக்கம் முடுக்கியிருந்தார். மீன் கடித்ததும் மாமா சுவிட்சைப் போட, மிஷின் இன்னும் நூலை விட்டுக்கொடுத்தது. கடலில் ஆறு மணி நேரம் போய்வந்து மீனுக்கு நூல் தானம் செய்த முதல் ஆட்கள் நாங்கள்தான். இரண்டாம் தடவை, திசை சரி. நான் விளிம்பில் கவிழ்ந்து கிடந்ததால் நூலைச் சுற்றிவிட ஆளில்லை. ஒரே இடத்தில் குவிந்து, நூல் நூலுக்குள் புதைந்து, சிக்கு விழுந்து அறுந்தது. அந்தத் தோல்வி என்னுடையது. திரும்பி வருகிற வழியெல்லாம் மாமா அந்தச் சிக்கை இரண்டு விரலால் பிரித்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது தடவைக்கு நான் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். நூலில் பத்துப் பாகத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டி வைத்திருந்தோம். பத்து மணி வாக்கில் கடித்தது. படகின் விளிம்பே ஒரு கை அளவுக்குச் சாய்ந்தது. "பெருசு" என்றார் ஆதிகேசவன். மற்ற மூன்று பேரும் சிக்கு விழக்கூடாதென்று தங்கள் நூல்களை மேலே இழுத்துக்கொண்டார்கள். மாமா சுவிட்சைப் போட்டார். இட்லிக் குண்டான் மெல்லச் சுற்றியது. நான் நூலை வரிசை வரிசையாகச் சுற்றிவிட்டேன். ஒரு சிவப்புக் கயிறு வந்தது. தண்ணீருக்குள் இன்னும் ஐம்பது பாகம்.

டக்கென்று நின்றது. ட்ரிப்.

இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். பொத்தானை அமுக்கினார். மிச்சம் நாற்பது பாகம் என்று வந்தது. மறுபடி ட்ரிப். மறுபடி இரண்டு நிமிஷம். மிச்சம் முப்பத்தைந்து என்று வந்தபோது மூன்றாவது முறையாக நின்றது. அதற்குள் நீரோட்டம் எங்கள் நூலை நங்கூரக் கயிற்றுப் பக்கம் தள்ள ஆரம்பித்திருந்தது. கயிற்றில் உரசினால் நூல் அறுந்துவிடும். அப்புறம் நாலாவது வாய்ப்பு கிடையாது.

"இன்னா மோசஸு, மீனு தூங்கிப்போயிடும் போலக்கீது" என்றார் ஆதிகேசவன்.

"இன்னும் அஞ்சு பாகம். பாதி தாண்டிட்டா தானா ஏறும்" என்றார் மாமா. அவருடைய இரண்டு விரலும் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தன, அமுக்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. நூல் கயிற்றைத் தொடப்போகிறது. மாமாவின் இடம் என் கண் முன்னால் போகிறது. வாயில் வந்துவிட்டது: "மாமா, அந்த ட்ரிப்ப தூக்கு. ஒரு ஒயர போட்டு டைரக்ட் குடுத்துடலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "ரெண்டு நிமிஷம், மச்சான்" என்றார்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் செய்தேனோ என்னவோ. பாய்ந்து போய் நூலைக் கையில் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. ஒரு பாகம், இரண்டு பாகம், உயிர் போகிற பாரம். ஐந்தாவது பாகத்தில் பாரம் சட்டென்று விட்டுவிட்டது. நூல் அறுந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அறுபடவில்லை. ஆழத்து மீனைப் பாதி ஆழம் மேலே கொண்டுவந்துவிட்டால், அதன் வயிற்றிலிருக்கும் காற்றே உப்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நான் இழுப்பதைவிட வேகமாக மீன் ஏறியதால்தான் நூல் தொளதொளத்தது. படகிலிருந்து கொஞ்ச தூரத்தில், பலூன் மாதிரி வயிறு வீங்கிய களவா ஒன்று தண்ணீருக்கு மேல் மிதந்து வந்து சாய்ந்தது. பதினெட்டுக் கிலோ இருக்கும். ஒரு பச்சைக்குழந்தைகூடக் கொக்கி போட்டு எடுத்திருக்கலாம். நான் பாய்ந்தபோது மிஷினுக்கு இன்னும் ஐந்து பாகம்தான் வேலை மிச்சமிருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

நங்கூரக் கயிற்றைப் பார்த்தேன். அதற்கும் நூலுக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இருந்தது.

மீனைப் படகில் போட்டுக்கொண்டு திரும்பினோம். கரை ஏறியதும் ஆதிகேசவன் சொன்னார்: "மீனு வந்துச்சு. ஆனா மிஷின் கொண்டாரல மோசஸு. பேச்சு பேச்சுதான்." அப்புறம் என் கிழிந்த கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த புதன் நீ வா பீட்டரு. உனுக்கு கை கீது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீனைத் தூக்கி மறுபடி கடலில் எறிந்திருப்பேன். "நான் வரல. எனுக்கு கடலே புடிக்காது" என்றேன். மாமா என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"போ மச்சான். நீ போவலைன்னா வேற ஆள போட்டுடுவாரு. நம்ம எடத்த உட்றாத. நான் மிஷின சரி பண்ணினு வரேன்."

"மாமா, நான் வேணும்னு..."

"தெரியும். அன்னிக்கும் வேணும்னு பண்ணல." ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கும் ரெண்டு நிமிஷந்தான்."

இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

இப்போது புதன்கிழமைதோறும் நான் போகிறேன். மாத்திரை போட்டாலும் வாந்தி நிற்கவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிகிறது. தோளில் வலி தொடங்கிவிட்டது. மாமா வீட்டில் நாலாவது மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறார். ட்ரிப் பெட்டியை எடுக்கவே மாட்டேன் என்கிறார். ஆதிகேசவனிடம் இன்னொரு வாய்ப்பு கேட்டு நான் மூன்று முறை பேசிவிட்டேன். அவர் "பாக்கலாம் நைனா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

படகு கரைக்கு வரும்போது மாமா மணலில் நின்றுகொண்டிருப்பார். மீன் எவ்வளவு என்று கேட்கமாட்டார்.

"அறுபது பாகம் இழுக்க எவ்ளோ நேரமாச்சு மச்சான்?"

"பத்து நிமிஷம் மாமா."

"மிஷின்னா எட்டு" என்பார். அப்புறம், "நடுவுல ரெண்டு நிமிஷம் நின்னாலும் பத்துதான்" என்று சொல்லி, என் கையிலிருக்கும் ஐஸ் பெட்டியை இரண்டு விரலால் வாங்கிக்கொள்வார். நான் கொடுத்துவிடுவேன்.