பன்னிரண்டு நாள் பொத்தியிருந்த கை

ஒரு விரலைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுவதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடை பில்லும், யாழ்ப்பாணத்துக்குப் போட்ட சில கடிதங்களும். யுத்த காலத்தைப் பற்றி எழுதப் பெரிய விஷயங்கள் எத்தனையோ உண்டு. கையையே இழந்தவர்கள் இருக்கும்போது, என்னுடைய வலது கை மோதிர விரல் மடங்கி நின்றதை ஒரு கதையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த விரல் விஷயத்தில் நான் வென்றேன். வென்றேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு அதிகம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி இருந்த ஒரு புடைவைக் கடையில் நான் துணி வெட்டுகிறவனாக இருந்தேன். வருகிறவர்கள் தெரிவு செய்த துணியை அளந்து வெட்டி மடித்துக் கொடுப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வராது. வெட்டுகிற மேசைக்குப் பின்னால் அந்தக் கரைச்சல் இல்லை. "எத்தனை மீற்றர்?" என்று கேட்டால் போதும். மிச்சத்தைக் கத்தரிக்கோல் பார்த்துக்கொள்ளும். பருத்தித் துணியென்றால் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்துக் கிழித்துவிடலாம். வழுக்குகிற பட்டு, சாட்டின் வகைகளைக் கிழிக்க முடியாது. ஒரு தரம் வெட்டி, பிறகு கத்தரிக்கோலை மூடாமல் பாதி திறந்தபடியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் துணி பல்லுப் பல்லாகிவிடும். எனக்கு நின்றதில்லை.

கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவது ஒரு முஸ்லிம் பெரியவரின் வேலை; நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். கிராண்ட்பாஸிலிருந்து வருவார். தமிழ்ப் பெண்களைக் கண்டால், "வாங்க தங்கச்சி, பாக்கிறதுக்குக் காசில்ல" என்பார். சிங்களப் பெண்களைக் கண்டால், "எண்ட நோனா, எண்ட", வாங்க அம்மா என்று சிங்களத்தில் அழைப்பார். நடைபாதையில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். அவரைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வேலையை எனக்குத் தந்தால் நான் செத்துப்போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

விரல் முதலில் காலையில் மட்டும்தான் மடங்கி நின்றது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். உள்ளங்கையில், விரல் தொடங்குகிற இடத்தில், ஒரு பயறளவு கட்டி. அதை அமத்தினால் முழங்கை வரைக்கும் வலிக்கும். பிறகு பகலிலும் மடங்கத் தொடங்கியது. ஒரு நாள் கூறைச் சேலைக்குப் பொருத்தமாகச் சட்டைக்குப் பட்டுத் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது, கத்தரிக்கோலின் வளையத்துக்குள்ளேயே விரல் இறுகிவிட்டது. கை நின்றது. துணி பல்லுப் பல்லாகக் கிழிந்தது. வாங்க வந்த அம்மா, "இவருக்கு என்ன, கத்தரிக்கோலோட கலியாணமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், கெட்டவர் இல்லை.

"நானா அடுத்த மாதக் கடைசியோட வேலையால நிக்கிறார். மகனோட கிராண்ட்பாஸில கடை போடப் போறாராம். கை சரி வராட்டி நீர் வாசலில நில்லும்."

நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"கைக்குத்தானே வருத்தம்? வாய்க்கு ஒண்டுமில்லைத்தானே?" என்றார்.

அந்த மாத முடிவுக்கு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், இருந்தது.

வீட்டில் மனைவி நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். கொட்டாஞ்சேனையில் ஒரு வைத்தியர் மூன்று தரம் மூலிகைப் பத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஏற்கனவே ஒரு ஊசி போட்டிருந்தார்கள். அது ஒரு மாதம் கேட்டது, பிறகு பழையபடி. மிச்சமிருந்தது ஒப்பரேஷன். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மனைவிக்குக் கோபம் வரும்.

"இஞ்சாருங்கோ, மடங்கின விரலெண்டாலும் அது விரல். வெட்டி ஏதும் பிழைச்சுதெண்டால்?"

"அப்ப வாசலில நிக்கட்டோ?"

"நிண்டால் என்ன? வாயைத் துறந்தால் முத்து உதிர்ந்திடுமோ?"

அவளுக்கு விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். அவளுக்கு நன்றாகவே விளங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

முடிவெடுக்க வைத்தது ஒரு சோதனைச் சாவடி. பாலத்தடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடக்கும்போது ஒரு ஆமிக்காரர் என் வலது கையைப் பார்த்தார். விரல் மடங்கி, கை பொத்தினபடி இருந்தது.

"அத்தே மொகத்த?" என்றார். கையில் என்ன என்று கேட்கிறார். "அத்த அரின்ன!"

கையைத் திற என்கிறார். என்னால் திறக்க முடியவில்லை. மோதிர விரலோடு சேர்ந்து பக்கத்து விரலும் பயத்தில் இறுகிவிட்டது. அவருடைய முகம் மாறியது. பின்னால் நின்ற ஆட்கள் விலகினார்கள். நான் இடது கையால் விரலைப் பிடித்து இழுத்தேன். 'டக்' என்று கேட்டது. அவர் ஓர் அடி பின்னால் வைத்துவிட்டார். வெறும் உள்ளங்கையைப் பார்த்த பிறகு தலையை ஆட்டிப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"சரி, வெட்டட்டும்" என்றாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் பத்துச் சொல் தெரியும். எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், எல்லாம் கடைச் சிங்களம்: நிறம், அளவு, விலை, கதவைத் திற, பூட்டு. அவர் ஒரு தாளில் விரலை வரைந்து, அதற்குள் ஒரு கயிறு, கயிற்றுக்கு மேல் ஒரு குழாய், கயிற்றில் ஒரு முடிச்சு என்று காட்டினார். எனக்கு உடனே பிடிபட்டது. பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் மடிப்பின் வாய்க்குள் போகாது, இழுத்தால் சிக்கும். மடிப்பின் வாயைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் நாடா ஓடும். அவ்வளவுதான். துணி வேலைதான். அதன் பிறகு எனக்குப் பயமில்லை.

உள்ளங்கை மட்டும் விறைக்க ஊசி போட்டு, கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். டொக்டர் விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். சிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே விட்ட மிஸ்ஸுக்கு, அதாவது தாதிக்கு, அன்று பெரிய அவசரம். என்னோடு நடந்துகொண்டே சிங்களத்தில் வேகமாகச் சொன்னார். தன் கையை உயர்த்திப் பொத்திக் காட்டினார். அந்த நேரம் யாரோ கூப்பிட, திரும்பிக்கொண்டே கடைசியாகச் சொன்னார்:

"வியாயாம அத்த அரின்ன எப்பா. ஹொந்தத?"

முதல் சொல் ஏதோ மருந்துச் சொல் என்று விட்டுவிட்டேன். மிச்சம் எனக்குத் தெளிவு. 'அத்த' என்றால் கை. 'அரின்ன' என்றால் திறக்க. 'எப்பா' என்றால் வேண்டாம். பாலத்தடியில் கேட்ட அதே சொல். கையைத் திறக்க வேண்டாம். பொத்தியும் காட்டினார். சரியா என்றும் கேட்டார். "ஹொந்தாய் மிஸ்" என்றேன். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். அறைகளுக்கு நடுவே ஓடிய அந்த ஓடையில் நாற்பது பேர் இருந்தார்கள். என்னால் முடியாது.

நான் சொன்னதைக் கேட்கிறவன். அன்றிலிருந்து கையைத் திறக்கவேயில்லை. நித்திரையில் தற்செயலாக விரிந்துவிடும் என்று, கடையில் மிஞ்சிய பொப்லின் துண்டால் பொத்தின கையைச் சுற்றிக் கட்டினேன். மனைவிதான் முடிச்சுப் போட்டாள். ஆறாம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"உள்ளுக்குப் புழுங்காதே? ஒருக்கா விரிச்சுப் பாப்பமே?"

"மிஸ் தெளிவாச் சொன்னவ. எனக்குச் சிங்களம் விளங்கும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவளிடம் அப்படி அடித்துச் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். பழகட்டும் என்று முதலாளி என்னை வாசலில் நானாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு முழு நாள் நின்றேன். வாயைத் திறப்பேன், காற்று வரும், சத்தம் வராது. பின்னேரம் ஒரு பெண் என்னிடம் நேரே வந்தார். இவரை உள்ளே அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

"அண்ணை, தெகிவளை பஸ் இதில நிக்குமோ?"

"ஓம், நிக்கும்" என்றேன். பஸ்ஸும் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

நானா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். "தம்பி, நான் முப்பது வருஷமா ஆக்கள பஸ்ஸால எறக்கிக் கடைக்குள்ள அனுப்புறன். நீங்க கடை வாசல்ல ஈக்கிறவங்கள பஸ்ஸில ஏத்தி அனுப்புறீங்க!"

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கக் கிளினிக். அந்த மாதம் கொழும்பில் தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவது அதிகம்; தனியாகப் போக மனைவி விடவில்லை. நானாவே அரை நாள் லீவு போட்டு என்னோடு வந்தார். அதே மிஸ். பொப்லின் துண்டை அவிழ்த்தவர் அப்படியே நின்றார். கை விரியவில்லை. நான்கு விரலும் மரக்கட்டை மாதிரி மடங்கினபடி. மிஸ் சத்தம் போடத் தொடங்கினார். ஓடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானாவுக்குச் சொன்னேன்:

"நான் அவ சொன்னபடிதான் செய்தனான், நானா. 'அத்த அரின்ன எப்பா' எண்டவ. ஒருக்காவும் அரியேல்லை."

நானா என்னைப் பார்த்தார். மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து டொக்டரே எட்டிப் பார்த்தார்.

"அட ஆண்டவனே! தம்பி, 'அத்தாரின்ன' சென்னா கைய விரிக்கிறதில்ல. கைவிடுறது. விட்டுப்போடுறது. 'வியாயாம' சென்னா எக்ஸசைஸ். கைய மடக்கி விரிக்கிற எக்ஸசைஸ விட்டுடாதீங்கண்டு சென்னது. நீங்க பன்னண்டு நாளா அதக் கைவிட்டுட்டுக் கைய இறுக்கிப் புடிச்சிட்டு ஈக்கிறீங்க!"

மிஸ்ஸுக்கு அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். என் கையைத் தன் கையில் எடுத்து ஒவ்வொரு விரலாக, மெதுவாக, நான் வலியில் பல்லைக் கடிக்கக் கடிக்க, விரித்துக் காட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று நானா எழுதிக்கொண்டார். டொக்டர் விரலைத் தொட்டுப் பார்த்து, வெட்டினது பிழையில்லை, இறுகினதுதான் பிழை, விடாமல் செய்தால் வரும் என்றார்.

மாத முடிவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

அந்தப் பதினாறு நாளையும் நான் மறக்கமாட்டேன். காலையில் வெந்நீர்ச் சட்டிக்குள் கையை விட்டு விரிப்பேன். மனைவி எதிரில் இருந்து எண்ணுவாள். முதல் இரண்டு நாளும் விரல் நுனி உள்ளங்கையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை.

"எனக்குச் சிங்களம் விளங்கும்" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். கோபத்தில் நான் இன்னும் கொஞ்சம் விரிப்பேன். "இப்பிடித்தான் வரும், விடாமச் செய்யுங்கோ" என்பாள். கடையில் சும்மா இருக்கிற நேரமெல்லாம் ஈரத் துணியைப் பிழிந்தேன். மேசையில் கையைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு துணிக் கட்டை ஏற்றி வைத்தேன். ஒன்பதாம் நாள் உள்ளங்கை மேசையில் பட்டது. பதின்மூன்றாம் நாள் கத்தரிக்கோலைப் பிடித்தேன். பழைய வெள்ளைத் துண்டில் வெட்டிப் பார்த்தேன். நடுங்கினது. சிக்கவில்லை.

நானாவின் கடைசி நாள் கடையில் நல்ல சனம். பகல் பதினொரு மணி போல, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு கலியாண வீட்டுக் கூட்டத்தை அவர் நடைபாதையிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்தார். தோழிப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் சாட்டின், பதினொரு சட்டைத் துண்டு. இத்தனை நாளும் எனக்குப் பதிலாக வெட்டிய பையனை முதலாளி கூப்பிட வாயெடுத்தார்.

"நான் வெட்டுறன்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முதலாளி காசு மேசையை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

அளந்தேன். ஓரத்தில் ஒரு வெட்டு. கத்தரிக்கோலைப் பாதி திறந்தபடி தள்ளினேன். சர்ர் என்று அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஓடியது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தாவது துண்டில் உள்ளங்கைத் தழும்பு சுட்டது. சுடட்டும் என்று விட்டேன். பதினொன்றும் ஒரே நேர்கோடு. ஒரு பல் இல்லை. கடைசித் துண்டை வெட்டிக் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையை மேசைக்கு மேலே உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தேன். கலியாண வீட்டு அம்மா நான் விலை சொல்கிறேன் என்று நினைத்து, "ஐஞ்சோ? ஐஞ்சு கூடிப்போச்சு, குறையுங்கோ" என்றார்.

முதலாளி துணியின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"வாசலுக்கு வேற ஆள் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுக் காசு மேசைக்குப் போனார்.

நானா வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பிறகு திரும்பி, போகிற ஒரு நோனாவைக் கூப்பிடத் தொடங்கினார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தே போனேன். கையை வீசிக்கொண்டு, காலி வீதி முழுக்க எனக்கென்று போட்டது மாதிரி நடந்தேன். மனைவி கதவைத் திறந்ததும் கையை விரித்துக் காட்டினேன். "எத்தினை?" என்று கேட்டாள். "பதினொண்டு" என்றேன். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து மணி போல வந்தது. இரண்டு வாளி பிடித்து, வலது கையாலேயே தூக்கி வைத்தேன்.