ரயிலுக்கு முதுகு காட்டுகிறவர்

காலைப் பாசஞ்சர் ஒலக்கூர்ப் பக்கம் ஊதியதும் பூமாலை நடையை நிறுத்திவிடுகிறார். வரப்போ, வண்டிப்பாதையோ, நின்ற இடத்திலேயே தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார். கடைசிப் பெட்டி போய்ப் புகை கலைகிற வரைக்கும் அப்படியே நிற்பார். ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அதற்காக. சரி, கையை எதற்குப் பின்னால் கட்டுகிறீர் என்று ஒருநாள் கேட்டேன்.

"கையில ஒண்ணும் இல்லேன்னு வண்டியில போறவங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா சார்?" என்றார்.

பார்க்காவிட்டால் ரயில் தெரியாமல் போய்விடுமா? அவருடைய வலது பாதம் எப்போதும் வெறும் மண்ணில் இருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நிற்பார். வண்டி போன பிறகு திரும்பி, "பதினோரு பொட்டி. நேத்திக்குப் போன கூட்ஸு முப்பத்திரெண்டுங்க. நல்ல பாரம், பட்டாளத்துச் சாமானா இருக்கும்" என்பார். சண்டைக் காலத்தில் பட்டாளத்து வண்டியின் பெட்டிகளை எண்ணுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வாயில் விரலை வைத்துக் காட்டுவேன். பயனில்லை. அவர் சாதாரணமாகப் பேசினாலே அரை மைலுக்குக் கேட்கும்.

வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். அவரைக் கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார். "நூத்தி நாப்பது கெணறு ஆச்சுங்க" என்பார். எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே எல்லாம் கரும்பாறை. அதில் உளியால் துளை போட்டு, மருந்து கெட்டித்து, மேலே களிமண் வைத்து அடைத்து, திரியைக் கொளுத்துவது அவர் தொழில். இந்தத் தொழில் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இடது கையில் இரண்டு விரல்கள், இடது காது முழுவதும், வலது காதில் பாதி. அதனால்தான் அந்தக் குரல். தன் பேச்சு தனக்குக் கேட்கிற அளவுக்கு அவர் கத்த வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மனிதரை இரகசியச் சதிக் கூட்டத்தில் சேர்ந்தவர் என்று சந்தேகிக்கிறார்கள். இவரைச் சேர்த்துக்கொண்ட சதி எதுவாக இருந்தாலும் அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

வேட்டு வைக்கிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். திரியைக் கொளுத்துவதற்கு முன்னால் கிணற்று மேட்டில் ஏறி, கையை வாயருகே குவித்து, நாலு திசைக்கும் குரல் கொடுப்பார். "வேட்டு... வேட்டோய்... வேட்டேய்!" அந்தக் குரலுக்கு இந்த வட்டாரத்தில் மறுபேச்சுக் கிடையாது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் அப்படியே வரப்புக்குப் பின்னால் படுத்துவிடுவார்கள். ஏர் ஓட்டுகிறவன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுவான். நிலத்துக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். பூமாலை ஒருவர்தான் புளியமரத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நிற்பார். காதை அவர் நம்புவதில்லை. ஒவ்வொரு வெடிக்கும் பூமி உதைப்பதைப் பாதத்தால் எண்ணுவார். எத்தனை துளை போட்டாரோ அத்தனை உதை வந்தால்தான் "வரலாம்!" என்று இரண்டாவது குரல். அதுவரை ஒரு கோழிகூடக் கிணற்றுப் பக்கம் போகாது.

போன மாசியில் ஒரு நாள் கோதண்டபாணியின் புதுக் கிணற்றில் ஐந்து துளை போட்டார். கோதண்டபாணி இந்த ஊரில் நாற்பது காணி நிலத்துக்குச் சொந்தக்காரர். வெடித்தபோது பூமாலையின் காலுக்கு நாலு உதைதான் வந்தது. ஒன்று வெடிக்காமல் நின்றுவிட்டது. நின்ற வேட்டை ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது என்பது தொழில் வழக்கம். மறுநாள் இறங்கி எடுக்கிறேன், யாரும் உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. அவரைப் பிடிக்க வரவில்லை, அப்போது. ரயில் பாதையில் ஒரு சின்னப் பாலத்தடியில் யாரோ வெடி வைத்திருந்தார்கள். அது வெடிக்காமல் கிடந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரிக்கு அதைக் கிட்டே போய்ப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பூமாலை போனார், பார்த்தார், திரியைப் பிடுங்கி எறிந்தார். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் எதிரே கிடந்தது மோசமான வேலை. தொழில் தெரிந்தவனுக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

"வேலை தெரியாத பய வச்சிக்கிறான் சாமி. திரி ஈரம். களிமண்ணு அடைக்கவே இல்ல. நானா இருந்தா இதோ இந்தக் கல்லுச் சந்துல ரெண்டு, அந்தாண்ட ஒண்ணு வச்சிருப்பேன். பாலம் பொடிப்பொடியாப் பறந்திருக்கும்!"

பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, அவரையும் கையோடு பிடித்துப் போனார். பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பூமாலை இரண்டு தோளையும் தூக்க முடியாமல் வந்தார். வெடிமருந்து லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, தண்டவாளத்துப் பக்கம் போகக் கூடாது, சொல்லாமல் ஊரை விட்டு நகரக் கூடாது என்றார்கள். பாலத்தருகே புதிதாகப் போட்ட போலீஸ் கொட்டகையில் தினம் காலையில் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். வைக்கிறார்.

போலீஸ் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் செய்தோம். மல்லாட்டை உடைக்கிற களத்தில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஓடு உடைபடும் சத்தம் மட்டும் கேட்கும், அதுவும் அவருக்குக் கேட்காது. தண்டவாளத்தைக் காவல் காக்க ஊர் ஆண்கள் எல்லாருக்கும் முறை போட்டிருக்கிறார்கள், நொண்டி மாரியப்பனுக்குக்கூட முறை உண்டு. இவருக்கு மட்டும் இல்லை. மனைவி செத்துப் பல வருஷம் ஆயிற்று. ஒரே மகள் அம்சவள்ளி கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மருமகனுக்குப் புதுச்சேரி மில்லில் வேலை. பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் உறவு என்றால் கேட்க வேண்டுமா? மில் வாசலிலேயே போய் மருமகனை விசாரித்திருக்கிறார்கள். மாமா கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

"அவனும் இன்னா பண்ணுவான், அவனுக்கு எம்மாம் பேஜாரு" என்று மருமகனுக்காகப் பரிந்து பேசினார் பூமாலை.

அவர் தனியாகக் கூழ் கரைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். விறகு பிளப்பதையும் பார்த்திருக்கிறேன். கோடரியை ஓங்குவதற்கு முன்னால் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, "நவுருங்க, நவுருங்க" என்கிறார். நகர்வதற்கு அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய கவலை வேறு. அந்த ஐந்தாவது வேட்டு கிணற்றுக்குள்ளேயே இருந்தது. மற்ற நாலும் வெடித்ததில் சேர்ந்த கற்குவியலுக்கு அடியில் மூடிக் கிடந்தது. யாராவது இறங்கிக் கடப்பாரையை அதன்மேல் போட்டால் பொறி பறந்து ஆள் போய்விடுவான். கொட்டகை ஏட்டிடம் தினமும் சொன்னார். கிணற்றுக்குள் இறங்க இவன் ஏன் இப்படித் துடிக்கிறான், அங்கே எதையோ ஒளித்துவைத்திருக்கிறான் என்று ஏட்டு முடிவு கட்டினார். தலையாரி பச்சைமுத்துவைக் கிணற்றுக்குக் காவல் போட்டார். காவல் வெளியிலிருந்துதான், உள்ளே இறங்கிப் பார்க்க அவர்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

நான் வாத்தியாராக இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் வந்தார் என்னைத் தேடி. "ஒரு மனு எழுதிக் குடுங்க சார். எனக்காக இல்லீங்க. அந்தக் கெணத்துல எவனாச்சும் எறங்கிடுவான்" என்றார். ஜன்னல் வழியாகத் தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்தேன். நாளைக்கு வாரும் என்றேன். மறுநாள் வந்தபோது திண்டிவனம் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வைகாசியில் கோதண்டபாணி அனந்தபுரம் பக்கத்திலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிவந்து கிணற்றில் இறக்கினார். பள்ளிக்கூடம் விடுமுறை. ஊருக்குப் போக ரயிலடிக்குக் குடையோடு அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன். கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பிய பூமாலை, கடப்பாரைச் சத்தத்தைக் காலால் உணர்ந்தாரோ என்னவோ, ஓடி வந்தார். பச்சைமுத்து தடியைக் குறுக்கே நீட்டினான்.

"கெணத்தாண்ட உன்ன உடக் கூடாதுன்னு ஏட்டையா உத்தரவு."

"உள்ள ஒண்ணு நின்னுக்கினு இருக்குதுடா, பச்சமுத்து!" என்று கத்திவிட்டுப் பூமாலை நிலத்துக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆண்டே, ஆளுங்கள மேல வரச் சொல்லுங்க. அஞ்சு வச்சேன், நாலுதான் வெடிச்சுது."

"உன் செவுட்டுக் காதுல நாலு உழுந்துச்சு. ஊருக்கு அஞ்சும் கேட்டுதுடா. போ, போயி வேலையப் பாரு" என்றார் கோதண்டபாணி.

உள்ளே கடப்பாரை விழுந்துகொண்டே இருந்தது. பூமாலை ஒரு கணம் நின்றார். பிறகு பத்தடி பின்னால் நடந்து, பக்கத்து மேட்டில் ஏறி, கையை வாயருகே குவித்தார்.

"வேட்டு... வேட்டோய்... வேட்டேய்!"

கொல்லையில் இருந்த பெண்கள் படுத்துவிட்டார்கள். மாடுகள் அவிழ்ந்தன. கிணற்றுக்குள்ளிருந்து நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி வெளியே விழுந்து ஓடினார்கள். கோதண்டபாணி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார், தலையாரி தடியைப் போட்டுவிட்டு ஓடினான். நான் குடையோடு வரப்புக்குப் பின்னால் விழுந்தேன். மூன்று மாதமாக அந்த மனிதரை ஒதுக்கிவைத்திருந்த எங்கள் ஒருவருக்கும் அந்தக் குரலைச் சந்தேகிக்க நேரம் இருக்கவில்லை.

ஆள் இல்லாத அந்த வெளியில், வேலைக்காரர்கள் விட்டுப்போன தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பூமாலை கிணற்றுக்குள் இறங்கினார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது. பிறகு அவர் தலை தெரிந்தது.

"வரலாம்!"

போனோம். அவர் விரித்துக் காட்டிய துண்டில் ஈரக் களிமண்ணும், தண்ணீரில் ஊறிக் கரைந்த கரிய மருந்தும், ஒரு முழத் திரியும் இருந்தன. அனந்தபுரத்து ஆள் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கடப்பாரை இருந்த இடத்தைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு சாண்தான் இருந்துச்சு" என்றான்.

கத்தல் கேட்டு ஏட்டும் ஓடி வந்தார். பூமாலையின் கையில் வெடிமருந்து. அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? என்ன நடந்தது என்று கோதண்டபாணியைக் கேட்டார். "இன்னா சொல்றதுங்க, கத்தினான், ஓடினோம். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவர். அங்கே நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன். பூமாலையை ஒரு வாரம் உள்ளே வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது கைநாட்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நல்ல ஊற்று என்கிறார்கள்.

நேற்று அந்த மனுவை எழுதிவிட்டேன். ஐந்து துளையும் நாலு உதையும் ஒரு சாண் தூரமும், எல்லாம் எழுதி, கண்ணால் கண்ட சாட்சி என்று கீழே என் பெயரையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாலைக் கைநாட்டு முடித்து வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்று கத்திப் படிக்க வேண்டியிருந்தது, ஊருக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது.

"உங்க பேரும் போட்டிருக்குதுங்களா?" என்றார்.

"போட்டிருக்கிறேன்."

காகிதத்தை வாங்கி, தடவிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டார். அப்போது தூரத்தில் வண்டி ஊதியது. செருப்பைக் கழற்றினார், திரும்பினார். நான் எதிரே தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பதைக் கவனித்தார். இதுவரை தாமாக என்னை இரண்டு முழத்துக்கு இப்பால் நெருங்கியறியாத மனிதர், கிட்டே வந்தார். தம்மால் ஆன மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களும் திரும்பிக்குங்க சார். எங்கூட நின்னுக்கினு வண்டியப் பாத்தா உங்களையும் எழுதிக்குவாங்க."

மூன்று விரல் மட்டுமே உள்ள இடது கையை என் தோளில் வைத்து, என்னைத் தண்டவாளத்துக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார்.