நாற்பது மரம் அளந்த நாள்

முப்பது வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் தனியாக நடப்பவன். பேய் என்று ஒன்று இருந்தால் இதற்குள் நாலு தடவையாவது என்னிடம் தீப்பெட்டி கேட்டிருக்கும். ஒன்றும் வந்ததில்லை. வந்ததாகச் சொல்கிறவனையும் நான் நம்பினதில்லை. அதனால் நீங்கள் என்னை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது பகலில்.

என் மகள் ஷீபா காலேஜில் வனவியல் படித்தாள். நாலு வருடப் படிப்பு. அவளைச் சேர்த்தபோது என்கூட வெட்டும் தங்கையன் கேட்டான்.

"மரத்த எண்ண நாலு வருசம் படிக்கணுமாவேய்? நாம எண்ணாத மரமா?"

ஷீபா விடவில்லை. "மாமா, இதப் படிச்சா ரேஞ்சர் பரீட்சை எழுதலாம். பேப்பர் கம்பெனிக்காரன் நாத்து வளக்க எடுப்பான். பேங்குல கூட வேலை இருக்கு. ஒங்க மகன் துபாயில என்ன எண்ணுகான்?"

"அவன் நாள எண்ணுகான்" என்றான் தங்கையன்.

கடைசி வருடம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். காட்டில் ஒரு துண்டு இடத்தைப் பிரித்து, அதில் நிற்கிற மரங்களின் சுற்றளவை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே இடம் கிடைத்தது. நாற்பது மரம். உள்ளே போக இரண்டு நாள் அனுமதி. கூட வரவேண்டிய, அவளோடு படிக்கிற கூட்டுக்காரிக்குக் காய்ச்சல், அதனால் நான் போனேன்.

வேலை லேசானதுதான். டேப் பிடிப்பது நான், எழுதுவது அவள். மரத்தின் நம்பரையும் அளவையும் நான் உரக்கச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள், சரியென்றால் கம்பால் மரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் அளக்கணும் என்று சொல்லியிருந்தாள். உயரம் பார்க்கும் கம்பை நானே வெட்டிக்கொண்டு போயிருந்தேன். எனக்குத் தெரியாத உயரமா என்று நினைத்தேன்.

முதல் நாள் நாற்பதையும் முடித்தோம். வீட்டுக்கு வந்து அவள் கம்பை அளந்து பார்த்தாள்.

"அப்பா, இது நூத்தி இருபத்தஞ்சு சென்டிமீட்டர்."

"ஆமா."

"நூத்தி முப்பத்தேழு வேணும். இது ரப்பர் அளவுல்லா."

ரப்பர் மரம் வெட்டுப் பருவம் ஆகிவிட்டதா என்று பார்க்க அந்த உயரத்தில்தான் நாங்கள் அளப்போம். கை அதற்கே பழகிவிட்டது. நாற்பது மரமும் தப்பு. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. சோறும் உண்ணவில்லை. மிச்சம் ஒரே ஒரு நாள். அதை விட்டால் மறுபடி அனுமதி வாங்க மாதக்கணக்காகும், அந்த வருடம் பட்டம் கிடையாது. நான் புதுக் கம்பு வெட்டி, அவளையே அளந்து பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் கீழே ஷெட்டில் இருந்த ஃபாரஸ்ட் கார்டு, "மஞ்சு இறங்குகு, பாத்துப் போங்க" என்றார். மேலே ஏறியதும் பனி வெள்ளையாக மூடிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஷீபா நடுவில் ஒரு பாறையடியில் நோட்டுக்குக் குடை பிடித்து நின்றாள். நான் கீழ்வரிசையிலிருந்து தொடங்கலாம் என்று ஓடைப் பக்கம் இறங்கினேன். பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. சட்டையைக் கழற்றிக் காலில் இறுக்கிக் கட்டினேன். நிற்க முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், காற்று மேலிருந்து என் பக்கம் வந்தது, அவளுக்குக் கேட்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. "ஒண்ணு, எழுவத்தி ரெண்டர." பிறகு இரண்டு தட்டு.

டேப் என் மடியில். கம்பு என் கையில்.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தட்டு மரங்கொத்தி என்று வைத்துக்கொண்டேன். மரங்கொத்தி இரண்டோடு நிறுத்தாது, அது எனக்கே தெரியும். அப்படியே போய்க்கொண்டிருந்தது. கால் வலியில் பாதிக்கு மேல் நான் காது கொடுக்கவில்லை.

மஞ்சு விலகியதும் அவள் தேடி இறங்கி வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"எல்லாம் முடிஞ்சு. எதுக்கு இங்க வந்து இரிக்கிய?"

"என்ன முடிஞ்சு?"

"நாப்பதும். நீங்கதானே விளிச்சுச் சொன்னிய."

"நான் மொத மரத்துக்கே போகலட்டி."

காலைக் காட்டினேன். வீங்கிக் கிடந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"வெளையாடாதிங்கப்பா. ஒங்க குரலுதான். இருமலு கூட கேட்டேன்."

"ஆளப் பாத்தியா?"

"அந்த மஞ்சுல என்னத்தப் பாக்க?"

நோட்டைக் காட்டினாள். நாற்பது வரி, வரிசையாக. அப்படியே கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. அதை அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

"நாம அளக்காத அளவு வேண்டாம் மக்ளே" என்றேன். "தோளக் குடு."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி முதல் மரத்திலிருந்து தொடங்கினேன். அவள் புதுப் பக்கத்தில் எழுதினாள். வெயில் சாயும்போதுதான் முடிந்தது. நம்பினால் நம்புங்கள், நாற்பதும் அதே அளவு. அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இல்லை. முதல் பத்து மரம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அதையும் விட்டுவிட்டோம். இறங்கும்போது கார்டிடம் கேட்டேன். "ஒங்க ரெண்டு பேரயும் தவிர இந்த மஞ்சுல எவன் ஏறுவான்" என்றார்.

நாங்கள் அளந்த பக்கத்தைத்தான் அவள் கொடுத்தாள். நல்ல மார்க். ரேஞ்சர் பரீட்சை எழுதி, இரண்டாவது தடவையில் கிடைத்தது. இப்போது வடக்கே ஒரு மலையில் இருக்கிறாள். ஜீப் உண்டு. தங்கையன் தன் பேத்தியை அதே படிப்பில் சேர்க்கணும் என்று அவளுக்கு ஃபோன் போட்டு விவரம் கேட்கிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றைத் தவிர. அவள் பட்டம் வாங்கப் போகும் முன்பு எனக்குச் சட்டைத்துணி எடுத்தாள். குலசேகரத்தில் தையற்காரர் என் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து, "முப்பத்தி நாலர" என்றார்.

"சென்டிமீட்டர்ல எவ்வளவுண்ணே?" என்று கேட்டாள். பழக்கம்தான்.

அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "எம்பத்தேழர."

வீட்டுக்கு வந்ததும் அவள் பழைய நோட்டை எடுத்து, மஞ்சில் எழுதிய பக்கத்தை விரித்து வைத்தாள். நாற்பதாவது வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது, குறுக்கே கோடு போட்டிருந்தது. நாற்பது முடிந்தபின் அந்தக் குரல் நம்பர் சொல்லாமல் ஓர் அளவை மட்டும் சொன்னதாம். அங்கே வேறு மரம் இல்லையே என்று இவள் எழுதிவிட்டு அடித்துவிட்டாளாம்.

எண்பத்தேழரை.

அன்று ஓடைக்கரையில் நான் வெற்றுடம்போடுதான் இருந்தேன். தூங்கவில்லை. என் மேல் எதுவும் பட்டதாக நினைவில்லை.