பிளீச்சிங் போட்ட கை

காவாந்தண்டலத்து வேதகிரிக்குக் கடலைக் காப்பாற்றும் வேலை கிடைத்தபோது, அவர் கடலைப் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குக் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தவர் அவர். கடலோரக் குப்பம் ஒன்றில் புதிதாகக் கட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, தொட்டி வேலை தெரிந்த ஆள் என்று காண்டிராக்டர் அவரைக் கூட்டிப்போனார். எந்தத் தொட்டி என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஊரிலேயே இருந்த மனைவி சிட்டம்மாளுக்குத்தான், அது சாக்கடைத் தொட்டி என்று தெரிந்ததும் நெஞ்சு வெந்தது. தெருவில் யார் கேட்டாலும், புருஷன் கடல் டிபார்ட்மென்டில் இருப்பதாகச் சொல்லிவைத்தாள்.

இன்ஜினியர் ஜெனிஃபர் முதல் நாளே விளக்கினாள். குப்பத்துச் சாக்கடையெல்லாம் இந்தத் தொட்டிக்கு வரும். இதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடி கோடியாக வாழ்கின்றன. காற்று ஊதிக்கொண்டே இருந்தால் அவை அழுக்கைத் தின்றுவிடும். தெளிந்த தண்ணீர் கடலுக்குப் போகும். வேதகிரி தலையாட்டினார். கிருமி என்றால் கொல்லவேண்டியது என்றே பழகியவர், நாளடைவில் அவற்றின் மேல் பெற்ற பிள்ளைப் பாசம் வைத்துவிட்டார். கரண்டு போனால் பிள்ளைக்கு மூச்சுத் திணறியதுபோல் ஜெனரேட்டரிடம் ஓடுவார்.

மீனவர் பஞ்சாயத்து ஒரு நிபந்தனையோடுதான் கடலுக்குக் குழாய் போட விட்டிருந்தது. நாற்றத் தண்ணீர் வந்தால் குழாயை அடைத்துவிடுவார்கள். குழாய் அடைபட்டால் நிலையம் இல்லை, வேதகிரிக்கு வேலையும் இல்லை. ஊர்த் தொட்டிக்கும் வேறு ஆள் வந்தாயிற்று; இந்த வயதில் வயல் வேலைக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

இந்த நிலையில் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஊருக்கு அதிகாரி வந்தால் வழியின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவதும், குடிதண்ணீர்த் தொட்டியில் ஒரு கை கூடுதலாகப் போடுவதும் வேதகிரி அறிந்த மரியாதை. விடியும் முன்பே கேட்டிலிருந்து தொட்டி வரை கோலம்போல் வெள்ளைக்கோடு போட்டார். அதே பழக்கத்தில் மீதி மூட்டையைத் தொட்டியில் கொட்டினார். அதிகாரி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஆஸ்பத்திரிபோல் இருக்கிறது என்று பூரித்தார். கடலின் காவலர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள்.

அந்த வாரத்துக்குள்ளேயே தொட்டி கறுத்து நாறியது. குழாயோரம் மட்டிச் சிப்பி பொறுக்கிய பெண்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. பஞ்சாயத்தார் மணல்மூட்டைகளால் குழாயை அடைத்தார்கள்.

"அண்ணே, உள்ள இன்னா போட்டீங்க?" என்றாள் ஜெனிஃபர்.

"மரியாதைக்குத்தான் மேடம். கோடு போட்டதுபோக மீதி மூட்டை பவுடரு."

"மொத்தத்தையும் கொன்னுட்டீங்கண்ணே."

வேதகிரி தொட்டியின் விளிம்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். கண்ணில் படாத கோடி உயிர்களுக்கு ஒரே ஒருவர் இழவு காத்தார்.

பசுஞ்சாணி கரைத்துவிட்டால் கிருமி மறுபடி பிறக்கும் என்றாள் ஜெனிஃபர். குப்பத்தில் மாடு ஏது? வேதகிரி மனைவிக்குப் போன் செய்தார். சிட்டம்மாள் டிரம்மோடு மாடுள்ள வீடுகளின் வாசலில் போய் நின்றாள். நிலபுலன் உள்ள தாயாரம்மாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"கடல் டிபார்ட்மென்ட்டுன்னியே, அங்க இன்னாடி, மாடா மேய்க்கிறாரு?"

இத்தனை நாள் காத்த மானத்தைச் சிட்டம்மாள் டிரம்மோடு கீழே இறக்கிவைத்தாள்.

"ஊரு பீத்தண்ணி கடலுக்குப் போவாம தடுத்துக்கினு கீறாரும்மா. சாணி குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

தாயாரம்மாள் மாட்டுக் கொட்டகையைக் கைகாட்டினாள்.

சாணி டிரம்கள் குட்டியானை லோடு வண்டியில் ஏறிப் போயின. கரைத்து ஊற்றி, காற்று ஊதி, காத்துக் கிடந்தார்கள். மெல்ல மெல்லத் தொட்டியில் பழுப்பு நுரை கட்டியது. நாற்றம் மண்வாசனையாக மாறியது. தண்ணீரை முகர்ந்து பார்த்த பிறகே பஞ்சாயத்தார் மணல்மூட்டைகளை எடுத்தார்கள்.

தலைமை அலுவலகமோ வேதகிரியை நீக்கும் உத்தரவைத் தயாரித்துவிட்டது. கையெழுத்துக்குப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பொன்னாடை போட்டோ ஏற்கெனவே பேப்பரில் வந்துவிட்டது. காவலரை நீக்கினால், பொன்னாடை போர்த்திய அதிகாரியை என்ன சொல்வது? உத்தரவு கிழிபட்டது, வேதகிரிக்கு வேலை நிரந்தரமானது.

செய்தி கேட்டதும் அவர் முதலில் பவுடர் வைத்த அறையைப் பூட்டினார். சாவியை ஜெனிஃபரிடம் நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். பெரியவங்க யாராச்சும் வந்தா என் கை சும்மா இருக்காது."